சென்னையில் அத்தோ, பழைய சாமான், சுவரோவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெரினா பார்த்தாயிற்று, தி.நகரில் துணி எடுத்தாயிற்று, அப்புறம் என்ன என்று வெளியூர் உறவினர்கள் கேட்பார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த நண்பர்களும் கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இது முழுப் பட்டியல் இல்லை. எனக்குப் பிடித்தது நிறைய இருக்கும், பிடிக்காதது இரண்டு வரியில் முடிந்துவிடும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

முதலில் என்ன கிழமை என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் யோசிக்கவே வேண்டாம், பல்லாவரம் சந்தை. ஞாயிறு என்றால் திருவல்லிக்கேணி நடைபாதைப் புத்தகக் கடைகள். மற்ற நாள்களில் காலை டிபனுக்கு மயிலாப்பூர், வெயில் ஏறியதும் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகள், இருட்டும் நேரத்தில் பாரிமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். சுவரோவியங்களைக் காலை வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. உச்சி வெயிலில் கண்ணகி நகரில் நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டு மட்டும்தான் மிஞ்சும்.

இந்த ஊரில் எங்கே என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். ஒரு நண்பர் பகல் பதினொரு மணிக்கு அத்தோ தேடிப் போய், மூடிய ஷட்டரையும் அதன் நிழலில் படுத்திருந்த நாயையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

பல்லாவரம் சந்தையில் அப்படி என்னதான் கிடைக்கும்?

என்ன கிடைக்காது என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக இருந்திருக்கும். பழைய டிரங்க் சாலை நெடுக வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற சந்தை இது. ஆதியில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்பார்கள். இன்று மாடு கிடையாது. அந்த இடத்தில் கட்டில், பீரோ, ஒரு காலில்லாத டைனிங் டேபிள், தையல் மிஷின், ஸ்பேனர் குவியல், இழைப்புளி, கதவுத் தாழ்ப்பாள், கீ கொடுக்கும் சுவர்க் கடிகாரம், ரிமோட்டுகள், சார்ஜர்கள், கருவாடு, காய்கறி, ரோஜா நாற்று, வண்ண மீன், புறா, கோழிக்குஞ்சு.

ஒரு முனையில் பிளாஸ்டிக் விரிப்பில் ரிமோட்டுகள் மட்டும் மலைபோலக் குவிந்திருக்கும். எந்தெந்த வீட்டு வரவேற்பறையிலோ சண்டை மூட்டிய ரிமோட்டுகள். உங்கள் வீட்டு டிவியின் கம்பெனி மூடிப் போயிருந்தால் கூட அதற்கான ரிமோட் அங்கே இருக்கலாம். தேடுகிற பொறுமைதான் வேண்டும்.

தச்சர்கள், பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள் காலையிலேயே வந்து நல்ல கருவிகளை எடுத்துப் போய்விடுவார்கள். அவர்கள் பின்னாலேயே போனால் எந்தக் கடையில் சரக்கு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் மாலை நாலு மணிக்கு மேல் போகலாம். கூட்டம் முட்டும், ஆனால் வெயில் இருக்காது.

எப்படிப் போவது?

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் பல்லாவரம் நிலையத்தில் இறங்கி யாரையாவது கேளுங்கள், கை காட்டுவார்கள். கார் எடுத்துப் போவது உங்களுக்கும் சந்தைக்கும் நல்லதில்லை. பீரோ வாங்கிவிட்டால்? அதைப் பற்றிக் கவலை வேண்டாம். குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகள் அங்கேயே காத்திருக்கும். பீரோவுக்குப் பேசிய பேரத்தை வண்டிக்கும் பேச வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பேரம் பேசவே வராது. என்ன செய்வது?

வராது என்பவர்கள்தான் பெரும்பாலும் நன்றாகப் பேரம் பேசுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் சீக்கிரம் நகர்ந்துவிடுகிறார்கள். சந்தையில் நகர்வதுதான் பாதிப் பேரம்.

எனக்குத் தெரிந்த முறை இது. வேண்டிய பொருளை முதலில் தொடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் வேறு இரண்டு பொருளின் விலையைக் கேளுங்கள். அப்புறம் அசிரத்தையாக இதைக் கேளுங்கள். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு முக்காலுக்குக் கீழே முடித்தால் இரு தரப்பும் சிரித்தபடி பிரியலாம். "அண்ணே, கடைசியா சொல்லுங்க" என்பதை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். மூன்று தடவை சொன்னால் அது கடைசி இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

கீரைக் கட்டு, செடி, வயதான அம்மா விற்கும் கருவாடு இவற்றில் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. பத்து ரூபாய் மிச்சம் பிடித்து வீடு கட்டியவர் யாரும் இல்லை.

அங்கே மின்சாதனம் வாங்கலாமா? செல்போன்?

மின்சாதனத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சில கடைகளில் பேட்டரியும் வயரும் வைத்து இயக்கிக் காட்டுவார்கள். நான் ஒரு முறை மர உடம்பு வால்வு ரேடியோ ஒன்றை அழகுக்காக வாங்கினேன். "பாடும் சார், ஊசி மட்டும் மாத்தணும்" என்றார் விற்றவர். ரேடியோவில் ஊசி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். இப்போது அதன் மேல் மணி பிளான்ட் வைத்திருக்கிறோம், நன்றாக வளர்கிறது.

செல்போன் விஷயத்தில் நான் கண்டிப்பு: வேண்டாம். திருட்டுப் போனாக இருந்தால் வாங்கியவர் பாடு திண்டாட்டம். பில் இல்லாத எதிலும், குறிப்பாகப் போன், லேப்டாப், சைக்கிள் ஆகியவற்றில் ஆசைப்படாதீர்கள்.

இன்னொன்று. பச்சைக்கிளி, முனியா போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குழந்தை அழுதாலும் கூண்டுக்கிளி வாங்காதீர்கள்.

மூர் மார்க்கெட் இன்னும் இருக்கிறதா?

பெயர் இருக்கிறது, கட்டடம் இல்லை. சென்ட்ரலில் புறநகர் ரயில்கள் நிற்கிற பகுதிக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். தினமும் லட்சம் பேர் அந்தப் பெயரை அறிவிப்பில் கேட்டுக்கொண்டே ஓடுகிறார்கள். அந்த இடத்தில்தான் சிவப்புச் செங்கல்லில், வளைவுகளும் கோபுரங்களுமாக அந்தச் சந்தை நின்றது.

அப்போதைய மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். 1900இல் திறந்தார்கள். பிராட்வேயில் இருந்த பழைய பாபாம் சந்தையின் வியாபாரிகளுக்காகக் கட்டியது. அப்புறம் எண்பத்தைந்து வருடம் அங்கே கிடைக்காத பொருள் இல்லை. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, நாய்க்குட்டி, பொம்மை, கள்ளச்சாவி என்று எல்லாவற்றுக்கும் மூர் மார்க்கெட். 'மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கேள்' என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பும் பாடமாக இருந்தது. ரயில்வே அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1985 மே மாதம் ஒரு தீயில் எல்லாம் போயிற்று. ஊரில் அந்தத் தீயைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் இருந்த இடத்தில் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். பழைய புத்தகக் கடைகள் பல இன்னும் அங்கே இருக்கின்றன. போட்டித் தேர்வுப் புத்தகங்களும் பொறியியல் பாடநூல்களும்தான் முன் வரிசையில் நிற்கும், வயிற்றுப்பாடு அதில்தான். பின்னால் போய்க் கேட்டால் ஐம்பதுகளின் வார இதழ்த் தொகுப்பு, பைண்டு செய்த தொடர்கதை, ரயில்வே கால அட்டவணை இப்படி ஏதாவது வரும். கேட்க வேண்டும். கேட்காமல் வராது.

பழைய புத்தகத்துக்கு வேறு இடம்?

ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலை. பைகிராப்ட்ஸ் ரோடு என்று சொல்லும் ஆட்டோக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடைகள் மூடியிருக்கும் அன்றைக்கு அவற்றின் வாசலில் புத்தகம் விரிப்பார்கள். வாரநாளில் வந்தால் அந்த இடத்தில் வெறும் நடைபாதைதான் இருக்கும். கால் மடக்கி உட்கார முடிந்தவர்களுக்குத்தான் நல்ல புத்தகம், ஏனென்றால் அது எப்போதும் அடியில் இருக்கும்.

முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். "அன்புத் தங்கைக்கு, பிறந்தநாள் பரிசாக" என்று பேனாவில் எழுதியிருக்கும். புத்தகத்தின் விலையோடு அதுவும் சேர்த்துக் கிடைக்கிறது.

குஜிலி பஜார் என்கிறார்களே, அது என்ன?

பூக்கடை, ஈவினிங் பஜார் பக்கத்தில் மாலை நேரத்தில் கூடிய பழைய கடைவீதி. அந்த நாள்களில் திருட்டுச் சாமானும் அங்கே கைமாறியதால் பெயருக்கு ஒரு மாதிரியான வாசனை ஒட்டிக்கொண்டது. ஆனால் தமிழ் படிப்பவர்களுக்கு அது வேறு காரணத்துக்காக முக்கியம். பெரிய எழுத்துக் கதைகள், கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, வெள்ளச் சிந்து என்று மட்டமான தாளில் அச்சடித்து அங்கே காலணா, அரையணாவுக்கு விற்றார்கள். நேற்று நடந்த கொலையை இன்று பாட்டாக வாங்கலாம். 'குஜிலி இலக்கியம்' என்று இன்று ஆய்வாளர்கள் தேடி ஓடுகிற சரக்கு அது. இப்போது அங்கே போனால் பாத்திரமும் பிளாஸ்டிக்கும் பேன்சி சாமானும்தான், சிந்து கிடைக்காது.

புதுப்பேட்டை?

வண்டி உதிரி பாகம் தேவை என்றால் போங்கள். பிரித்துப் போட்ட கார்களின் கதவும் பம்பரும் தெருவில் தொங்குவது ஒரு காட்சிதான். எதுவும் வாங்காமல் வேடிக்கை பார்க்கிறவர்களை அங்கே யாருக்கும் பிடிக்காது, எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

அத்தோ என்றால் என்ன?

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

பர்மாவில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்த கலவை. அங்கிருந்து வந்தது நம் அத்தோ. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி ராஜாஜி சாலை ஓரமாகக் கடைகள் ஒதுக்கினார்கள். அதுதான் பர்மா பஜார். வெளிநாட்டு சென்ட், டேப்ரிக்கார்டர், கடிகாரம் எல்லாம் அங்கேதான் என்று ஒரு காலம் இருந்தது. இன்று செல்போன் கவரும் ஹெட்போனும் விற்கிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அப்படியே நிலைத்துவிட்டது.

பஜாருக்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலை, சென்னை மொழியில் செகண்ட் லைன் பீச். மாலையில் அங்கே தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். கடைக்காரர் ஒரு பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை எடுத்துப் போடுவார். மேலே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி. பூண்டு வறுத்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு. அப்புறம் 'பேஜோ' என்கிற தட்டை மாதிரியான மொறுமொறுப்பை உடைத்துத் தூவி, எலுமிச்சை பிழிந்து, விரல்களால் ஒரு பிசை. அந்தப் பிசைவில் இருக்கிறது சூட்சுமம். கரண்டியால் கிளறினால் வேறு ருசி.

அதோடு ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும், பெரும்பாலும் காசு தனியாகக் கேட்கமாட்டார்கள். இதே சூப்பில் நூடுல்ஸைப் போட்டுக் கொடுத்தால் மொய்ங்கா. பர்மாவில் மீன் போட்டுக் காய்ச்சுவது, நம் வண்டிகளில் பெரும்பாலும் வாழைத்தண்டோடு நிற்கிறது. அப்புறம் முட்டை மசாலா: அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் மிளகாய்த்தூளும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள். முட்டையை முழுதாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் சட்டைக்கு ஒரு பங்கு போய்விடும்.

முதல் வாய் பலருக்குப் பிடிக்காது. சூடாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள், இது ஆறினது. எனக்கும் முதல் தடவை 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்றுதான் இருந்தது. மூன்றாவது தடவை போனபோது, எதற்காகப் போகிறேன் என்று கேட்டுக்கொள்வதையே விட்டுவிட்டேன்.

சைவர்கள் அத்தோ சாப்பிடலாமா?

முட்டை இல்லாத அத்தோ கேட்டால் தருவார்கள். ஆனால் அதே கை முட்டையையும் தொடும், சில வண்டிகளில் சிக்கனும் உண்டு. அது பொருட்டில்லை என்றால் சரி. பொருட்டு என்றால் அங்கிருந்து நடந்து சௌகார்பேட்டை போய்விடலாம்.

சௌகார்பேட்டையில் என்ன சாப்பிடுவது?

மாலை ஆறு மணிக்கு மேல் போக வேண்டும், காலியான வயிற்றோடு. தங்கசாலைத் தெருவில் காகடா ராம்பிரசாத் கடையில் கண் முன்னே பிழியும் ஜிலேபியும் பாதாம் பாலும். தெருவின் பெயருக்குக் காரணம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் நாணயச்சாலை. இன்று அங்கே தங்க நிறத்தில் இருப்பது இந்த ஜிலேபிதான். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய்ப் பொடி இட்லியும் ஊத்தப்பமும் மட்டும்தான், வேறு கேட்காதீர்கள். வட இந்தியர் தெருவுக்குள் போய் இட்லி சாப்பிடுவதா என்று கேட்பவர்கள் அந்த நெய்யைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இந்தப் பகுதியின் சொந்தக் கண்டுபிடிப்பு முறுக்கு சாண்ட்விச். இரண்டு வட்ட முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி, விருப்பப்பட்டால் சீஸ். மார்வாடி நாக்கும் தமிழ் முறுக்கும் எங்கோ ஒரு தள்ளுவண்டியில் சந்தித்துக்கொண்டதன் விளைவு. நமக்குத் தெரிந்த முறுக்குதான், தெரியாத ருசி.

நல்ல காலை டிபன் எங்கே?

சண்டை வரும் கேள்வி. மயிலாப்பூரில் ராயர் மெஸ், அருண்டேல் தெரு. சீக்கிரம் போனால் பொங்கல், தாமதமாகப் போனால் வாசலில் நின்று மணம் மட்டும். அதே மயிலாப்பூரில் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. பெயர் அலங்காரத்துக்கு வைத்ததில்லை, வீட்டு ஜன்னல் வழியாகத்தான் தட்டு வரும். தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். பக்கத்தில் பெரிய கார்க்காரரும் பேப்பர் போடும் பையனும் அதே தட்டோடு நிற்பார்கள்.

திருவல்லிக்கேணியில் 1948இலிருந்து ரத்னா கபே. இட்லியைக் கேட்டால் சாம்பாரில் மூழ்கடித்துவிடுவார்கள், சாம்பார் தீரத் தீர ஊற்றுவார்கள். இட்லி அங்கே ஒரு சாக்குதான். மதியம் சேப்பாக்கம் ஸ்டேடியம் பக்கத்துச் சந்துக்குள் நாயர் மெஸ், மீன் குழம்போடு.

சைதாப்பேட்டையை விட்டுவிட்டேன் என்று யாராவது கோபிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். மாரி ஓட்டல் வடகறி. கடலைப்பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் கொதிக்கவிட்ட இந்தத் தொடுகறி, சென்னையின் சொந்தப் பதார்த்தம். மிச்ச வடையை வீணாக்க மனமில்லாத யாரோ ஒரு சமையல்காரரை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

கூட்டம் இருக்கும் கடையில் சரக்கு தேங்காது. அதுதான் முதல் விதி. கண் முன்னே சூடாக வருவதைச் சாப்பிடுங்கள். அத்தோவில் பச்சை முட்டைக்கோஸ் உண்டு, அதனால் வயிறு சுணக்கமாக இருக்கும் நாளில் சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். கோடையில் தெருமுனைக் கேழ்வரகுக் கூழ் வண்டியைக் கடந்து போகாதீர்கள். மோர் மிளகாயும் மாங்காயும் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு குடித்தால் மதியம் வரை வெயில் ஒன்றும் செய்யாது.

கண்ணகி நகர் சுவரோவியங்கள் பற்றி?

பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் குடிசைகளை அகற்றியபோது அங்கிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். வேலையும் பள்ளிக்கூடமும் ஊருக்குள், வீடு மட்டும் ஊருக்கு வெளியே. முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் சொன்ன காலம் உண்டு.

2020இல் தெருக்கலை அமைப்பான ஸ்டார்ட் இந்தியா பவுண்டேஷனும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் ஓவியம் வரையத் தொடங்கின. சென்னையின் ஏ-கில், ஓஷீன் சிவா, ஸ்பெயினைச் சேர்ந்த அன்டோனியோ மாரெஸ்ட் எனப் பலர் வரைந்தார்கள். மாரெஸ்டின் சுவர் முழுக்க வண்ணக் கட்டங்களும் கோடுகளும். ஓஷீன் சிவாவின் பெண்கள் நம் ஊர்க்காரிகளாகவும் இருப்பார்கள், வேறு கிரகத்திலிருந்து வந்தவர்களாகவும் இருப்பார்கள். ஏ-கில் வரையும் முகங்கள் நாலு மாடி உயரத்துக்குச் சிரிக்கும்.

ஓவியம் வந்ததால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. சாயம் தண்ணீர்க் குழாயைச் சரி செய்யாது. ஆனால் பயத்தோடு பேசிய ஒரு பெயரை, பார்க்கப் போகும் இடமாக அது மாற்றியது உண்மை. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குக் கபடி நினைவுக்கு வருகிறது: 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார்.

அங்கே சும்மா போய்ப் படம் எடுக்கலாமா?

போகலாம். ஆனால் அது கண்காட்சி இல்லை, ஜனங்கள் குடியிருக்கும் இடம். சுவருக்குக் கீழே ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருப்பார், ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருப்பார். சுவரைப் படம் எடுங்கள். ஆள் வருகிற மாதிரி என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள் "அண்ணா, எங்களையும் எடு" என்று ஓடி வருவார்கள், அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முனைக் கடையில் டீ குடியுங்கள், பஜ்ஜி சாப்பிடுங்கள். வந்தோம், எடுத்தோம், போனோம் என்றிருந்தால் அவர்களுக்கு என்ன லாபம்?

சாப்பாடு, சந்தை, ஓவியம் மூன்றையும் ஏன் ஒரே பக்கத்தில் போட்டீர்கள்?

ஒரு அக்கா இதைக் கேட்டார். யோசித்துப் பார்த்தால், பாபாம் சந்தையிலிருந்து மூர் மார்க்கெட்டுக்கு, அங்கிருந்து அல்லிக்குளத்துக்கு. ரங்கூனிலிருந்து ராஜாஜி சாலைக்கு. கூவம் கரையிலிருந்து துரைப்பாக்கத்துக்கு. எழுதும்போது திட்டமிடவில்லை. நான் விரும்பிப் போகிற மூலைகளில் பாதி, 'இங்கிருந்து கிளம்பு' என்று சொல்லப்பட்டவர்கள் கடை விரித்த மூலைகளாக இருக்கின்றன.

கண்ணகி நகர் தூரம். ஊருக்குள் வேறு சுவரோவியம்?

பறக்கும் ரயிலில் இந்திரா நகர் நிலையத்தில் இறங்குங்கள். நிலையக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏ-கில்லும் டெல்லியைச் சேர்ந்த கத்ராவும் வரைந்த மிகப் பெரிய முகங்கள். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கி வைக்கும் வழக்கத்துக்கு எதிராக வரைந்தது. சாதாரண முகங்கள், யார் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் ஓவியத்தின் பேச்சு. மேம்பாலச் சாலையில் வண்டியில் போகும்போது பார்ப்பதைவிட, எதிர்ச் சாரியில் நின்று பார்த்தால்தான் அளவு புரியும்.

இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம்தானே, நமக்கு ஏது தெரு ஓவியம்?

தேர்தல் வரும் முன்பே சுவரில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி இடம் பிடித்து வைக்கிற ஊரில் இப்படி ஒரு கேள்வியா! அந்தச் சுவரெழுத்தில் நிழல் விழும் எழுத்து, உருண்டு திரளும் எழுத்து என்று கை பழகிய ஓவியர்கள் இருந்தார்கள். அண்ணா சாலையில் சினிமா நடிகர்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்த பேனர்க் கலைஞர்கள் இருந்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்தது, தூரிகை போயிற்று.

இன்னும் பழையது வேண்டுமென்றால் மார்கழியில் விடிகாலை ஐந்தரைக்கு மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றி நடங்கள். வாசலுக்கு வாசல் கோலம். ஒன்பது மணிக்குள் செருப்பும் சைக்கிளும் அழித்துவிடும், மறுநாள் வேறு கோலம். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி நடக்கும். தெருவே மறையும்படி புள்ளி வைத்துத் தள்ளுவார்கள். நடந்து முடித்துக் களைத்தால் காளத்தி கடையில் ரோஸ்மில்க், 1927இலிருந்து இருக்கும் கடை.

காசாகக் கொண்டுபோக வேண்டுமா?

தள்ளுவண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் பல்லாவரத்தில் சில்லறை நோட்டு பேரத்துக்கு உதவும். "என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை நீட்ட முடியாது பாருங்கள்.

குழந்தைகள், வயதானவர்களோடு போகலாமா?

மயிலாப்பூர், அல்லிக்குளம் சரி. பல்லாவரம் நெரிசலில் குழந்தையின் கையை விடக்கூடாது. சௌகார்பேட்டைச் சந்துகளில் இருசக்கர வண்டிகள் முழங்காலை உரசும், முட்டி வலிக்காரர்களை அழைத்துப் போகாதீர்கள். கழிப்பறை இருக்கும் இடங்கள் குறைவு. ரயில் நிலையத்திலோ நீங்கள் சாப்பிடும் ஓட்டலிலோ முன்கூட்டியே போய்விட்டு வருவது புத்திசாலித்தனம்.

மழைக்காலத்தில் வந்தால்?

ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். நடைபாதைப் புத்தகக்காரர்கள் தூறல் விழுந்ததுமே கட்டிவிடுவார்கள், பாவம், தாள் அல்லவா. பல்லாவரத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பாதிக் கடைகள் நிற்கும். கூட்டம் இல்லாததால் விலை இறங்கும், சேற்றுக்குத் தயாராகப் போங்கள். பாரிமுனையில் மழை விட்டதும் அத்தோ வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அந்த நேரத்தில் சூப் அண்டா பக்கமாக நிற்கிற இடம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கிண்ணம் கேட்டால் முறைக்கமாட்டார்கள், மூன்றாவதுக்கு நான் உத்தரவாதம் இல்லை.